1931 அரசாங்க சபைத் தேர்தல்: இலங்கையின் முதல் சர்வசன வாக்குரிமை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1931இல் இலங்கையில் நடந்த தேர்தல் எந்தச் சபைக்கானது? அது ஏன் தனித்துப் பேசப்படுகிறது?

பிரித்தானிய முடிக்குரிய குடியேற்ற நாடாக இருந்த இலங்கையில், 1833 முதல் இயங்கிவந்த சட்ட நிரூபண சபை கலைக்கப்பட்டு, அதன் இடத்தில் அரசாங்க சபை என்ற புதிய சபை அமைக்கப்பட்டது. அதற்கான முதலாவது பொதுத்தேர்தல் 1931 ஜூன் 13 முதல் 20 வரை நடைபெற்றது. 21 வயது நிறைந்த ஆணும் பெண்ணும், படிப்பும் சொத்தும் இல்லாதவராக இருந்தாலும், அதில் வாக்களிக்கலாம் என்று விதிக்கப்பட்டிருந்தது. ஆசியாவில் பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த நாடுகளுள் இவ்வுரிமை முதலில் நடைமுறைக்கு வந்தது இலங்கையில்தான். பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்று மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியா இத்தகைய தேர்தலைக் காண்பதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

அதற்கு முன் யாருக்கு வாக்கு இருந்தது?

நீண்ட காலம் எவருக்கும் இருக்கவில்லை. உறுப்பினர்களைப் பிரித்தானிய ஆளுநரான தேசாதிபதியே நியமித்தார். 1911இல்தான் முதன்முதலாக ஒரு தேர்தல் நடந்தது. ஆங்கிலம் கற்ற இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட அந்த ஒரேயொரு ஆசனத்தை, ஏறக்குறைய மூவாயிரம் பேர் மட்டுமே அடங்கிய வாக்காளர் தொகுதியிலிருந்து, பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். தோற்ற மார்க்கஸ் பெர்னாண்டோ சிங்களவர். வாக்காளரிலும் சிங்களவர் கணிசமாக இருந்தனர். அன்று படித்த வகுப்பினர் தம்மை ஒரே வகுப்பாகவே கண்டனர் என்பதற்கு இது அடிக்கடி சான்றாகக் காட்டப்படுகிறது.

1920களில் சபை விரிவடைந்து, 1924இல் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் 37 பேரும் அதிகாரிகள் 12 பேரும் கொண்டதாயிற்று. ஆயினும் வாக்காளராவதற்கு ஆணாக இருக்க வேண்டும். ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகியவற்றுள் ஒன்றில் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 600 ரூபா வருமானமோ 1500 ரூபா பெறுமதியான சொத்தோ இருக்க வேண்டும். இந்தத் தடைகளைத் தாண்டியவர்கள் மொத்த மக்கள் தொகையில் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் இருந்தார்கள். கூலிக்கு வயல் உழுதவரும், சீவல் தொழிலாளியும், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், நாட்டிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் அந்த நால்வருக்கு வெளியே நின்றவர்கள்.

டொனமூர் ஆணைக்குழு என்பது என்ன?

1924ஆம் ஆண்டுச் சபையில் தெரிவான உறுப்பினர்கள் பெரும்பான்மையாக இருந்தும், நிர்வாகம் முழுவதும் தேசாதிபதியிடமும் அதிகாரிகளிடமும் இருந்தது. உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்டத்தைத் தடுக்க முடியும், அதிகாரிகளைக் கேள்விமேல் கேள்வி கேட்டுத் திணறடிக்க முடியும், ஆனால் எதற்கும் பொறுப்பேற்க முடியாது. இந்த முட்டுக்கட்டையை நீக்க வழி காணுமாறு 1927இல் டொனமூர் பிரபு தலைமையில் நால்வர் கொண்ட ஆணைக்குழு அனுப்பப்பட்டது. மத்தியூ நேதன், ஜெப்ரி பட்லர், ட்ரமண்ட் ஷீல்ஸ் ஆகியோர் மற்ற மூவர். அவ்வாண்டு நவம்பரில் வந்து, அடுத்த ஜனவரியில் திரும்பிய இக்குழு, 1928 ஜூலையில் தன் அறிக்கையை வெளியிட்டது.

ஆணைக்குழு ஏன் எல்லோருக்கும் வாக்குரிமை தரச் சொன்னது?

இதுவே இவ்வரலாற்றின் நடுநாயகமான கேள்வி என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

ஆணைக்குழுவின் முன் தோன்றிய தலைவர்கள் பெரும்பாலோர் அதிகாரத்தைக் கேட்டார்கள். அந்த அதிகாரத்தை யாருக்குப் பதில் சொல்லும் பொறுப்போடு செலுத்துவது என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை. இலங்கையில் ஏழைகளுக்கான நிவாரணச் சட்டம் இல்லை, தொழிற்சாலைச் சட்டங்கள் போதியவையாக இல்லை, வேலைத்தலத்தில் காயமடைந்த தொழிலாளிக்கு நட்டஈடு கிடைக்கச் சட்டம் இல்லை என்பதை ஆணைக்குழுவினர் கண்டார்கள். நூற்றுக்கு நால்வர் தெரிவு செய்த ஒரு சபையிடம் நாட்டின் உள்விவகாரங்களை ஒப்படைத்தால், அது ஒரு சிறு கூட்டத்தின் கையில் மற்ற அனைவரையும் ஒப்படைப்பதாகவே முடியும் என்பது அவர்களது முடிவு. எனவே சுயாட்சியின் அளவைக் கூட்டுவதென்றால் வாக்குரிமையின் அளவையும் கூட்டியாக வேண்டும் என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டார்கள். தொழிற்கட்சியைச் சேர்ந்த ட்ரமண்ட் ஷீல்ஸ் இந்த நிலைப்பாட்டின் பின்னால் உறுதியாக நின்றவர் என்று கருதப்படுகிறது.

எழுத்தறிவு இல்லாதவர் எப்படி அறிந்து வாக்களிப்பார் என்ற ஆட்சேபம் அப்போது பலமாக எழுந்தது. எழுதத் தெரியாத விவசாயிக்கு வரியின் சுமையும், வாய்க்காலில் தண்ணீர் வராத குறையும், ஊரில் ஆஸ்பத்திரி இல்லாத துன்பமும் நன்றாகவே தெரியும். அவற்றைத் தெரிந்துகொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. ஆணைக்குழுவின் வேறு பல யோசனைகளைக் குறை கூறலாம். இந்த ஒன்றில் அவர்கள் அன்றைய இலங்கைத் தலைவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்பதே என் கருத்து.

இலங்கைத் தலைவர்கள் யாருமே இதைக் கேட்கவில்லையா?

கேட்டவர்கள் மிகச் சிலர். கொழும்புத் தொழிலாளரைச் சங்கமாக்கிப் போராடிய ஏ. ஈ. குணசிங்கவும் அவரது தொழிற்சங்கத்தினரும் சர்வசன வாக்குரிமையைத் திட்டமாகக் கோரினார்கள். இலங்கைத் தேசிய காங்கிரசோ அந்த அளவுக்குச் செல்லத் தயாராக இருக்கவில்லை. தமிழர் தரப்பில் மூத்த தலைவராக விளங்கிய இராமநாதன், எல்லோருக்கும் வாக்குரிமை என்ற கருத்தையே ஏற்கவில்லை. முதுமையிலும் இங்கிலாந்துக்குச் சென்று டொனமூர் திட்டத்துக்கு எதிராக வாதாடினார். அவர் 1930 நவம்பர் இறுதியில் காலமானதால், புதிய முறைப்படி நடந்த தேர்தலைக் காணவில்லை.

பெண்களுக்கான வாக்குரிமை எவ்வாறு கிடைத்தது?

1927 டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் என்ற அமைப்பு கொழும்பில் உருவாயிற்று. டேசி டயஸ் பண்டாரநாயக்க அதன் தலைவராகவும், அக்னஸ் டி சில்வா செயலாளராகவும் இருந்தார்கள். சிங்களப் பெண்களோடு தமிழ்ப் பெண்களும், ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கிப் பெண்களும் சேர்ந்த அந்தச் சங்கத்தின் தூதுக்குழு ஆணைக்குழுவின் முன் சென்று சாட்சியமளித்தது. அவர்கள் முதலில் மனத்தில் கொண்டிருந்தது கல்வித் தகுதியோடு கூடிய வரையறுத்த வாக்குரிமையே. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவியபோது, அவர்களும் பெண்கள்தாம், எல்லாப் பெண்களுக்கும் அது வேண்டும் என்ற பொருள்பட அக்னஸ் டி சில்வா விடையளித்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அந்த நேரத்தில் எந்த அரசியல் தலைவரிடமிருந்தும் இவ்வளவு நேரான விடை வந்ததில்லை.

ஆணைக்குழு பெண்களுக்கு முப்பது வயது என்றே விதந்துரைத்தது. திட்டம் சட்டமாகும்போது அது ஆண்களுக்குரிய அதே 21 வயதாகக் குறைக்கப்பட்டது.

தமிழ்த் தலைவர்கள் டொனமூர் திட்டத்தை எதிர்த்ததற்குக் காரணம் என்ன?

ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருந்தன. அவற்றைக் கலந்து பேசுவதால்தான் குழப்பம் ஏற்படுகிறது.

வெளிப்படையாகச் சொல்லப்பட்டது பிரதிநிதித்துவம் பற்றிய அச்சம். பழைய சபையில் மேல் மாகாணத் தமிழருக்கு ஒன்று, இந்தியருக்கு இரண்டு, முஸ்லிம்களுக்கு மூன்று, பறங்கியருக்கு இரண்டு, ஐரோப்பியருக்கு மூன்று என்று இனவாரி ஆசனங்கள் இருந்தன. இத்தகைய ஒதுக்கீடு இனங்களுக்கிடையே பகையை வளர்க்கிறது என்று கூறி, ஆணைக்குழு அதை முற்றாக நீக்கிவிட்டது. பிரதேசத் தொகுதிகள் மட்டுமே இருந்து, எல்லோருக்கும் வாக்கும் இருந்தால், எண்ணிக்கையில் மிகுந்த சிங்களவரே சபையை நிரப்புவர் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியக்கூடியது. டொனமூர் என்றால் தமிழர் இனி இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் எதுகை அமைந்த ஒரு வாசகமும் அன்று வழங்கியது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 1936இல் நடந்ததைக் கீழே காண்க.

அதிகம் பேசப்படாதது சாதி. யாழ்ப்பாணத்தில் கோயிலுக்குள்ளும் பாடசாலை வாங்கிலும் சமமாக இடம் மறுக்கப்பட்டவர்கள், வாக்குச் சாவடியில் மட்டும் நிலவுடைமையாளரோடு சமமாக நிற்பார்கள் என்பது உயர்சாதித் தலைவர்கள் பலருக்குப் பொறுக்க முடியாத எண்ணமாக இருந்தது. சிறுபான்மை இனத்தின் நியாயமான கவலையும், அந்த இனத்துக்குள்ளேயே ஒடுக்கப்பட்டோர் எழுந்துவிடுவர் என்ற அச்சமும் ஒரே வாயிலிருந்து வந்தன. முதலாவதை மதிக்கும் நாம் இரண்டாவதை மறைத்துச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் தீங்காகும்.

சட்ட நிரூபண சபை திட்டத்தை எப்படி ஏற்றுக்கொண்டது?

நூலிழையில். 1929 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்களுள் 19 பேர் ஆதரவாகவும் 17 பேர் எதிராகவும் வாக்களித்தனர். சிறுபான்மையினரின் பிரதிநிதிகள் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருந்தனர். இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் முடிவு வேறாகியிருக்கும்.

மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததா?

எல்லோருக்கும் என்று சொல்லப்பட்ட வாக்குரிமையின் பெரிய ஓட்டை இங்கேதான் இருந்தது.

அப்போது தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்கள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர். ஐந்தாண்டுகள் இலங்கையில் வசித்திருந்தால் போதும் என்பதே ஆணைக்குழுவின் யோசனை. அதன்படி நடந்திருந்தால் அவர்களுள் வயதுவந்தோர் பெரும்பாலோர் வாக்காளராகியிருப்பர். அதைக் கண்ட சிங்களத் தலைவர்கள், சிறப்பாகக் கண்டிப் பகுதிப் பிரதிநிதிகள், தம் தொகுதிகள் தோட்டத் தொழிலாளரின் கைக்குப் போய்விடும் என்று எதிர்த்தனர். இந்த எதிர்ப்பைத் தணிக்காமல் திட்டம் சபையில் நிறைவேறாது என்று கண்ட தேசாதிபதி ஹேர்பேட் ஸ்டான்லி, விதிகளை இறுக்குமாறு 1929இல் யோசனை கூறினார். குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த பாஸ்பீல்ட் பிரபு அதனை ஏற்றுக்கொண்டார். முன் சொன்ன 19க்கு 17 என்ற வெற்றியின் விலை இதுதான்.

இறுதியில் மூன்று வழிகள் வைக்கப்பட்டன. இலங்கையையே நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று கருதப்படுபவருக்கு வேறு தகுதி எதுவும் தேவையில்லை. அவ்வாறு அல்லாதவர் எழுத்தறிவோடு வருமானம் அல்லது சொத்துத் தகுதி உடையவராக இருந்தால் பதியலாம். அதுவும் இல்லையென்றால், நிரந்தரமாகக் குடியிருக்கும் எண்ணத்தை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற வேண்டும். அந்தச் சான்றிதழைப் பெற்றவர் இந்தியத் தொழிலாளி என்ற நிலையில் தமக்குச் சட்டம் அளித்திருந்த சிறப்புப் பாதுகாப்புகளைக் கைவிட்டவராவார். சம்பளமும் குடியிருக்கும் லயன் அறையும் தோட்ட நிர்வாகத்தின் தயவில் இருந்த ஒருவர், ஒரு வாக்குக்காகத் தமக்கிருந்த பாதுகாப்பை இழக்கத் தயங்கியதில் வியப்பில்லை. சான்றிதழை நாடியவர் சிலரே. 1931இல் வாக்காளராகப் பதிவான இந்திய வம்சாவளியினர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர்.

ஆக, நாட்டின் மிகப் பெரிய ஏற்றுமதி வருமானமான தேயிலையை உழைத்துக் கொடுத்தவர்களிடம் மட்டும், நீ இந்த நாட்டவன்தானா என்ற கேள்வி கேட்கப்பட்டது. அவர்களிடமிருந்த அந்தச் சிறு வாக்குப் பலமும் வீணாகவில்லை. ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரமும், தலவாக்கலைத் தொகுதியிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் சபைக்குச் சென்றனர். தஞ்சாவூரிலிருந்து வந்து பத்திரிகையாளராகத் தொழிலாளர் பிரச்சினைகளை எழுதிவந்த கோ. நடேசையர், அதே 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் அமைத்து, 1936இல் சபைக்குத் தெரிவானார்.

சபையில் எத்தனை ஆசனங்கள் இருந்தன? எத்தனைக்குப் போட்டி நடந்தது?

மொத்தம் 61 உறுப்பினர்கள். அவர்களுள் 50 பேர் தொகுதிகளிலிருந்து தெரிவாக வேண்டியவர்கள். 8 பேர் தேசாதிபதியால் நியமிக்கப்படுவர். எஞ்சிய மூவர் அரச அதிகாரிகளான பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் ஆகியோர். வாக்காளர் தொகை பழைய இரண்டு இலட்சத்திலிருந்து பதினைந்து இலட்சத்துக்கு மேல் உயர்ந்திருந்தது.

நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளான 1931 மே 4இல் ஒன்பது தொகுதிகளில் தலா ஒருவரே முன்வந்தார். டி. எஸ். சேனநாயக்க, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க போன்றோர் இப்படிப் போட்டியின்றித் தெரிவானார்கள். வாக்குரிமை விரிந்தவுடன் நிலப்பிரபுக் குடும்பங்களின் செல்வாக்கு ஒரே நாளில் அகலவில்லை என்பதை இது காட்டுகிறது. நான்கு தொகுதிகளில் ஒருவரும் முன்வரவில்லை. எனவே வாக்கெடுப்பு நடந்தவை 37 தொகுதிகள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி வாக்களித்தார்கள்?

நிறத்தைக் கொண்டு. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டது. சாவடியில் அந்தந்த நிறத்தில் வாக்குப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வாக்காளர் தமக்குத் தரப்பட்ட சீட்டைத் தாம் விரும்பிய நிறப் பெட்டியில் இடுவார். பெயரைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. சின்னங்கள் 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில்தான் வந்தன.

யாழ்ப்பாணத்தில் நான்கு தொகுதிகளில் தேர்தல் நடக்காதது ஏன்?

யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கும் அத்தொகுதிகள். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அழைப்பு விடுத்து, அதில் முழு வெற்றி பெற்றது.

இந்த இயக்கத்தைப் பற்றி அறியாதவர்கள், பகிஷ்கரிப்பை ஒரு தமிழ் இனவாதச் செயல் என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய இந்த அமைப்பில் ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்களும் பட்டதாரிகளும் இருந்தார்கள். முழு இலங்கைக்கும் சுயராச்சியம், தாய்மொழிக் கல்வி, சிங்களவர் தமிழர் ஒற்றுமை, தீண்டாமை ஒழிப்பு, சீதனத்துக்கு எதிர்ப்பு ஆகியவை அவர்களது கொள்கைகள். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்களும் இவர்களே. 1931 ஏப்ரலில் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் தலைமையில் கூடிய மாநாட்டின்போது, டொனமூர் திட்டம் சுயராச்சியத்துக்கு மிகக் குறைந்தது என்பதால் அதன் கீழ் நடக்கும் தேர்தலை ஏற்பதில்லை என்று தீர்மானித்தார்கள். இனவாரி ஆசனம் வேண்டும் என்பதற்காக அவர்கள் எதிர்க்கவில்லை. இனவாரி ஆசனம் நீக்கப்பட்டதை அவர்கள் வரவேற்கவே செய்தனர்.

தேர்தலில் நிற்க ஆயத்தமாயிருந்த முதிய அரசியல்வாதிகளும் இளைஞர்களின் அழைப்புக்கு இணங்கி ஒதுங்கிக்கொண்டார்கள். திட்டத்தை வேறு காரணங்களுக்காக வெறுத்த சிலருக்கும் பகிஷ்கரிப்பு வாய்ப்பாக அமைந்துவிட்டது. தென்னிலங்கையிலும் சுயராச்சியத்தை விரும்புவோர் தம்மைப் பின்பற்றுவர் என்று வாலிபர் காங்கிரஸ் எதிர்பார்த்தது. பாராட்டுச் சொற்கள் வந்தன, பகிஷ்கரிப்பு வரவில்லை. தெற்கின் தலைவர்கள் தேர்தலில் நின்று சபைக்குச் சென்றனர்.

அப்படியென்றால் பகிஷ்கரிப்பு தவறா?

அதன் நோக்கம் உயர்ந்தது. அதன் விளைவு கசப்பானது. இரண்டையும் ஒருசேரச் சொல்லாமல் இக்கேள்விக்கு விடை கூற முடியாது.

சாதி வேற்றுமையை ஒழிக்கப் பாடுபட்ட இளைஞர்களே, சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள் தம் வாழ்நாளில் முதன்முறையாகப் பெற்ற வாக்கை மூன்று ஆண்டுகள் பயன்படுத்த முடியாமல் செய்துவிட்டார்கள். அந்த மக்களிடமும் பெண்களிடமும் கேட்டுவிட்டு அந்த முடிவு எடுக்கப்படவில்லை. முழு விடுதலை கிடைக்கும்வரை பாதி விடுதலையைத் தொடமாட்டோம் என்று சொல்ல, ஏற்கெனவே ஓரளவு சுதந்திரத்தோடு வாழ்பவருக்கே இயலும். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு அந்தச் சீட்டு பெரிது. வாலிபர் காங்கிரசின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனாலேயே இந்தக் குறையைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை.

1934 ஜூலையில் நான்கு தொகுதிகளுக்கும் தேர்தல் நடத்தப்பட்டபோது, பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலம், யாழ்ப்பாணத்தில் அ. மகாதேவா, காங்கேசன்துறையில் சு. நடேசன், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரை ஆகியோர் தெரிவாயினர். அதற்குள் சபையின் குழுக்களும் அமைச்சுகளும் யாழ்ப்பாணத்தவர் இன்றியே வேரூன்றிவிட்டன. வாலிபர் காங்கிரசின் செல்வாக்கும் குன்றி, சிங்களவருக்குப் பாதி, சிறுபான்மையினர் அனைவருக்கும் பாதி என்ற சமபல பிரதிநிதித்துவம் கோரிய பொன்னம்பலத்தின் குரலே வடக்கின் குரலாக ஓங்கியது.

தேர்தலின் முடிவு என்ன?

தெரிவான 46 பேருள் 38 பேர் சிங்களவர், இலங்கைத் தமிழர் 3, இந்தியத் தமிழர் 2, ஐரோப்பியர் 2, முஸ்லிம் ஒருவர். இலங்கைத் தமிழர் மூவரும், மன்னார் முல்லைத்தீவிலிருந்து எஸ். எம். ஆனந்தன், திருகோணமலை மட்டக்களப்பிலிருந்து எம். எம். சுப்பிரமணியம், கொழும்பு வடக்கிலிருந்து இரத்தினசோதி சரவணமுத்து ஆகியோர். சர்வசன வாக்குரிமையைக் கோரிய குணசிங்க கொழும்பு மத்தியில் வென்றார். கட்சி என்ற அமைப்பு வேட்பாளரைப் பிணைக்கவில்லை. பெரும்பாலும் தனி மனிதரின் பெயரும் குடும்பமும் ஊர்ப் பிடிப்புமே வாக்கைத் தீர்மானித்தன.

பெண்கள் எவரேனும் தெரிவானார்களா?

பொதுத்தேர்தலில் ஒருவரும் இல்லை. றுவன்வெல்லை உறுப்பினர் ஜே. எச். மீதெனிய காலமானதால் 1931 நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மகள் அடலின் மொலமூரே வென்று, சபையின் முதல் பெண் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு, தேர்தல் மனுவொன்றில் கணவர் சரவணமுத்து ஆசனத்தை இழந்தபின், கொழும்பு வடக்கில் நின்ற நேசம் சரவணமுத்து இரண்டாவது பெண் உறுப்பினராகவும் முதல் தமிழ்ப் பெண் உறுப்பினராகவும் தெரிவானார். தந்தைக்குப் பின் மகள், கணவருக்குப் பின் மனைவி என்ற வழியிலேயே இருவரும் வந்தார்கள். ஆயினும் வாக்களித்த பொதுமக்கள் பெண் என்று ஒதுக்கவில்லை என்பதும் மெய்.

அரசாங்க சபைக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது?

1931 ஜூலை 7இல் கூடிய சபையின் உறுப்பினர்கள், உள்நாட்டு விவகாரம், விவசாயமும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழில் கைத்தொழில் வர்த்தகம், கல்வி, போக்குவரத்தும் பொதுவேலையும் என்ற ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்யும் தலைவர் அமைச்சராவார். டி. பி. ஜயதிலக்க, டி. எஸ். சேனநாயக்க, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா ஆகியோரோடு பெரி. சுந்தரமும், மட்டக்களப்பு தெற்கு உறுப்பினர் எச். எம். மாக்கான் மாக்காரும் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றனர். நிதி, சட்டம், பாதுகாப்பு, அரச சேவை ஆகியவை மூன்று செயலாளர்களிடமே இருந்தன. சபை நிறைவேற்றியதைத் தடுக்கவும், மறுத்ததைச் சட்டமாக்கவும் தேசாதிபதிக்கு அதிகாரம் இருந்தது.

குழு முறை சிறுபான்மையினருக்கும் நிர்வாகத்தில் இடம் தரும் என்பது ஆணைக்குழுவின் எண்ணம். ஆனால் 1936இல், ஏழு குழுக்களிலும் பெரும்பான்மை கிடைக்குமாறு உறுப்பினர்கள் பகிர்ந்து அமர்ந்ததால், ஏழு அமைச்சர்களும் சிங்களவராகவே தெரிவாயினர். தமிழர் 1928இல் அஞ்சியது எட்டே ஆண்டுகளில் கண்முன் நிகழ்ந்தது.

விரிந்த வாக்குரிமையால் சாதாரண மக்களுக்கு ஏதும் கிடைத்ததா?

கிடைத்தது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இல் வந்தது. காணியற்ற விவசாயிகளுக்குக் காணி வழங்குவதற்கான சட்டம் 1935இலும், பெண் தொழிலாளருக்கான பிரசவகால நன்மைச் சட்டம் 1939இலும் வந்தன. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி தொடங்கியது. நூற்றுக்கு நால்வருக்கு மட்டும் பதில் சொல்லவேண்டிய ஒரு சபை இவற்றைச் செய்திருக்கும் என்று நம்புவது கடினம். வாக்குக் கேட்டு ஊருக்குள் வருபவரிடம், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்கும் உரிமையை 1931 கொடுத்தது.

மலையக மக்களின் வாக்குரிமை பின்னர் என்னவாயிற்று?

1930களின் முடிவில் பதிவான இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியபோது, 1940இல் பதிவு விதிகள் மீண்டும் இறுக்கப்பட்டு அத்தொகை குறைக்கப்பட்டது. 1947 பாராளுமன்றத் தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர்கள் தெரிவாகியும், சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுக்கு வாக்களித்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதோருக்கு வாக்கும் இல்லையென்றாயிற்று. இலங்கையின் நிரந்தர வாசியா, வந்து போகிறவரா என்று 1931இல் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கேட்கப்பட்ட அதே கேள்விதான் இங்கே குடியுரிமைச் சட்டமாக மாறியது. இந்தியாவோடு செய்த ஒப்பந்தங்களின்படி பல இலட்சம் பேர் கப்பலேறினார்கள். எஞ்சியோருள் இறுதிவரை நாடற்றவராயிருந்தவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இலங்கைக் குடியுரிமையும், அதனோடு வாக்கும் கிடைத்தன.